துட்டு எப்போ வேணும்?

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. முந்தின நாள்தான் மக்கள் ஊரடங்கு என்று நாடே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. திருச்செந்தூர்க் கோயிலுக்குள் பக்தர்களை விடவில்லை. சன்னதித் தெருவில் பூக்கட்டும் அம்மாக்களைக் காணோம். சில்லுக்கருப்பட்டிக் கடைகளில் பாதி திறக்கவில்லை. நான் மட்டும் வழக்கம்போல என் சின்ன அலுவலகத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒன்பதே காலுக்குச் சந்தை தொடங்கியது. பத்து மணி ஆவதற்குள் பத்து சதவீதம் இறங்கி லோயர் சர்க்யூட். 45 நிமிடம் வர்த்தகத்தை நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியதும் இன்னும் இறங்கியது. அன்று மட்டும் சென்செக்ஸ் 3,935 புள்ளி போயிற்று. 13 சதவீதம். ஜனவரியில் 41,952-ல் முடிந்த குறியீடு அன்று 25,981-ல் முடிந்தது.

பதினோரு மணி வாக்கில் உடன்குடியிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வந்தார். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தார். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் எடுத்துருவோம். மிச்சம் கெடக்கதாவது கையில இருக்கட்டும்."

நான் பதில் சொல்லாமல் நோட்டை எடுத்தேன். நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. பக்கத்துக்கு ஐந்து கட்டம். பேர், ஃபோலியோ எண், தொகை, எதுக்கு, எப்போ வேணும். முதல் நான்கையும் பேனாவில் எழுதுவேன். ஐந்தாவது மட்டும் பென்சில். கல்யாணம் தள்ளிப்போகும், படிப்பு மாறும், வீடு கட்டுவது நின்றுபோகும்; அழித்து எழுத வேண்டியிருக்கும் என்பதால் பென்சில்.

அவர் பக்கத்தில் மூன்று வரி இருந்தது. கடைக்கு மாடி எடுக்க வைத்த பணம், 2021. அது பேங்கில் எஃப்டியாகக் கிடந்தது. மகள் மேல்படிப்பு, 2027. கடைசிக் காலத்துக்கு என்று ஒரு வரி, அதற்கு நேரே 2035. இந்தக் கடைசி இரண்டும்தான் பங்குச்சந்தை ஃபண்டில் இருந்தது. நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். நின்றபடியே குனிந்து பார்த்தார்.

"இப்ப பதநீர் எறங்குற நேரம். கருப்பட்டி வெல என்னண்ணாச்சி?"

"அடிச்சுப் போட்டுருக்கான். சீசன்ல எப்பவும் அப்படித்தான."

"அப்ப கையில இருக்கத வித்துருவியளா?"

"இப்ப எவன் விப்பான்? சிப்பம் கட்டிப் பரண்ல ஏத்திருவேன். ஐப்பசி, கார்த்தியலதான் எறக்குவேன்."

சொல்லி முடித்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எஃப்டி பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதே ஆண்டு நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியது. இவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று எனக்கு அன்று தெரியாது. திரும்பும் என்று நான் அவருக்கு வாக்கும் கொடுக்கவில்லை. 2027 வரை அந்தப் பணத்துக்கு அவருக்கு வேலை இல்லை என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஐந்தாவது கட்டம் என் நோட்டில் ஆரம்பத்தில் இல்லை. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்குச் சிறுசேமிப்பு முகவராக வந்தவன். என்எஸ்சி, கிசான் விகாஸ் பத்திரம், தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டம். பத்திரத்தில் அச்சடித்த தொகை முதிர்வு நாளில் கைக்கு வரும். இடையில் எவரும் வந்து "இன்னைக்கு என் துட்டு எவ்வளவு?" என்று கேட்டதே இல்லை. பிறகு ஆம்ஃபி தேர்வு எழுதி ஏஆர்என் எண் வாங்கி மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரானேன். 2003-லிருந்து 2007 வரை சந்தை ஏறிக்கொண்டே இருந்த காலம். 2007 தொடக்கத்தில் 14,000-ஐ ஒட்டி இருந்த சென்செக்ஸ் ஆண்டு முடிவில் 20,000-க்கு மேல். எது வாங்கிக் கொடுத்தாலும் ஏறியது. நான் கெட்டிக்காரன் என்று ஊர் நம்பியது, நானும் நம்பினேன்.

2008 ஜனவரி முதல் வாரம். பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் மூன்று லட்சத்துக்குக் காசோலை கொண்டுவந்தார். என் மனைவிக்குப் பாடம் நடத்தியவர். உள்கட்டமைப்புத் துறைக்கென்று புதிதாக வந்த ஒரு ஃபண்டில் போடச் சொன்னேன். சாலையும் துறைமுகமும் மின்நிலையமும் கட்டப்போகிற நாடு, இதைவிட வேறு என்ன வேண்டும் என்று அவரிடம் பேசினேன். எனக்கு அதில் நல்ல கமிஷன் வந்தது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அவரிடம் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். இந்தப் பணம் உங்களுக்கு எப்போ வேணும் சார் என்று மட்டும் கேட்கவில்லை.

ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 1,408 புள்ளி விழுந்தது. மறுநாள் திறந்தவுடன் சர்க்யூட், ஒரு மணி நேரம் வர்த்தகம் இல்லை. ஆசிரியர் போன் செய்தார். "பொறுங்க சார், திரும்பும்" என்றேன். மார்ச்சில் கேட்டார், அதையே சொன்னேன். செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அக்டோபர் 27 அன்று சென்செக்ஸ் 8,000-க்கும் கீழே போய் வந்தது. டிசம்பரில் அவரே நேரில் வந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து முதலில் கையில் கொடுத்தார். மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம். பேசி முடித்தே ஒன்றரை வருஷம் ஆகிறது என்றார். அந்த மூன்று லட்சம் அந்தக் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம்.

ரிடெம்ப்ஷன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அவர் மை ஊற்றி எழுதும் பேனாதான் வைத்திருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயும்வரை தாளை விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1,32,000 ரூபாய் வந்தது. மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்குப் போனேன். என்னை அவர் மாப்பிள்ளை வீட்டாருக்கு அறிமுகம் செய்து வைத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்தேன், இறங்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, 2009 மே 18 அன்று, தேர்தல் முடிவுக்கு அடுத்த வர்த்தக நாளில், சந்தை ஒரே நாளில் 17 சதவீதம் ஏறி மேல் சர்க்யூட்டில் முட்டி அன்றைக்கே மூடிவிட்டார்கள். அலுவலகத்தில் மற்ற வாடிக்கையாளர்கள் போன் செய்து மகிழ்ச்சி கொண்டாடினார்கள். எனக்கு அந்த ஆசிரியர் முகம்தான் நினைவுக்கு வந்தது. 2010 தீபாவளிக்குச் சென்செக்ஸ் மறுபடி 21,000. "பொறுங்க, திரும்பும்" என்று நான் சொன்னது பொய்யில்லை. குறியீடு திரும்பத்தான் செய்தது. ஆனால் தை முகூர்த்தம் 2010 தீபாவளிக்காகக் காத்திருக்காது.

அந்தக் கல்யாணம் வரைக்கும் என் வேலை சரிவு வரும்போது ஆளுக்குத் தைரியம் சொல்வது என்று நினைத்திருந்தேன். தைரியம் சொல்லி ஒரு பயனும் இல்லை. கையில் வேறு காசு இல்லாதவன் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் விற்றுத்தான் ஆக வேண்டும். கையில் ஒரு வருஷச் செலவுக்குப் பணம் உள்ளவன் பயந்துகொண்டே இருந்தாலும் விற்காமல் இருக்க முடியும். சரிவைச் சமாளிக்கிற வேலை முழுக்கச் சரிவு வருவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். அந்த வாரமே நோட்டில் ஐந்தாவது கட்டத்தை அடிக்கோல் வைத்துப் போட்டேன். பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டு நிரப்ப எட்டு மாதம் ஆயிற்று.

கேட்கக் கேட்கத்தான் இந்தக் கரையின் வருமானம் எப்படிப்பட்டது என்பதே எனக்கு விளங்கியது. புத்தகத்தில் ஆறு மாதச் செலவை அவசரத்துக்கு ஒதுக்கு என்று போட்டிருக்கும். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. தூத்துக்குடி விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அவரிடம் மாதந்தவறாமல் எஸ்ஐபி கட்டு என்றால் மே மாதம் பேங்கில் செக் திரும்பும், அபராதம் விழும், இந்தத் தொழிலே வேண்டாம் என்று போய்விடுவார். அவருக்கு மீன் கிடைக்கும் மாதங்களில் கூடுதலாகக் கட்டிவிட்டு அந்த இரண்டு மாதம் சும்மா இருக்கும்படி வைத்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. கப்பலில் போகிறவருக்கு ஒன்பது மாதம் சம்பளம், இறங்கினால் அடுத்த கப்பல் ஏறும்வரை ஒன்றும் கிடையாது.

வீரபாண்டியன்பட்டினத்தில் அப்படி ஒரு கப்பல்காரர் குடும்பம். எல்லாக் கணக்கும் அந்த அக்கா கையில்தான். 2012-ல் நான் ஆறு மாதச் செலவு என்று சொன்னபோது, "ஒரு வருசத்துக்கு வைங்க அண்ணே, கடல நம்பி இருக்கவுகளுக்கு ஆறு மாசம் காணாது" என்று அவர்தான் திருத்தினார். 2020-ல் கணவர் கரையில் இருந்தார். ஏற வேண்டிய கப்பலுக்குப் போக விமானம் இல்லை. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. சந்தை கீழே, வருமானமும் நின்றுபோயிற்று. 2008-ல் ஆசிரியருக்கு வந்ததைவிட மோசமான நிலைமை அது. அக்கா பேங்கில் போட்டிருந்த அந்த ஒரு வருஷப் பணத்தில் வீட்டை ஓட்டினார். ஃபண்டைத் தொடவில்லை. எஸ்ஐபியை நிறுத்துவோமா என்று நானே கேட்டேன். பாதியாகக் குறைக்கச் சொன்னார். அந்தப் பாதியில் அந்த மாதங்களில் வாங்கிய யூனிட்டுகள்தான் இன்றைக்கு அவர் கணக்கில் மிக அதிகமாக வளர்ந்தவை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யூனிட் 20 ரூபாய் விற்கும்போது 2,000 ரூபாய்க்கு நூறு யூனிட் கிடைக்கும். விலை 10 ரூபாயாக இறங்கினால் அதே 2,000-க்கு இருநூறு. மொத்தம் 4,000 ரூபாய்க்கு முந்நூறு யூனிட். ஒரு யூனிட்டின் அடக்கம் 13 ரூபாய் 33 காசு. விலை திரும்ப 20-க்குப் போக வேண்டியதில்லை, பதினாலுக்கு வந்தாலே லாபம். ஆனால் மொத்தமாக 20-ல் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கணக்கு வேறு. பாதியாக இறங்கினால் பழைய இடத்துக்கு வர இரண்டு மடங்காக ஏற வேண்டும். 2008-ன் உச்சத்திலிருந்து 2009 மார்ச் வரை சென்செக்ஸ் இறங்கியது அறுபது சதவீதம். அங்கிருந்து மீள 150 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. மாதாமாதம் போடுகிறவருக்குச் சரிவு வேலை செய்யும், ஒரே நாளில் மொத்தமாகப் போட்டவருக்குக் காலம்தான் வேலை செய்ய வேண்டும். மூன்று வருஷத்துக்குள் வேண்டிய பணத்துக்கு இரண்டுமே வேலை செய்யாது. அதனால்தான் நோட்டில் ஒரு வரிக்கு நேரே மூன்று வருஷம் மிச்சம் என்று வந்ததும், சந்தை நன்றாக இருக்கிறதோ இல்லையோ, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எஃப்டிக்கு மாற்றிவிடுகிறேன். "இன்னும் ஏறுமே" என்பார்கள். ஏறட்டும். கல்யாணப் பணத்துக்கு ஏற வேண்டிய அவசியம் இல்லை.

திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் உள்வாங்கும். நாழிக்கிணற்றுப் பக்கத்தில் நின்று பார்த்தால் பச்சைப் பாசி படிந்த பாறை வரிசையாகத் தலை காட்டும். வெளியூர்க்காரர்கள் சுனாமி வரப்போகிறது என்று பயந்து படம் எடுப்பார்கள், டிவியிலும் வரும். உள்ளூர்ப் பிள்ளைகள் பாறைமேல் ஏறி நண்டு தேடும். சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பிவிடும். புதிதாக முதலீட்டுக்கு வருகிறவர்களிடம் பல வருஷம் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்லிவந்தேன். இப்போது அதோடு நிறுத்துவதில்லை. 2025 தொடக்கத்தில் அதே கோயில் முன்னால் கடல் மணலை அரித்து, படியிலிருந்து ஆள் இறங்க முடியாத அளவு பள்ளம் விழுந்தது. உள்வாங்கிய தண்ணீர் தானாகத் திரும்பும். அரித்துப் போன மணல் அப்படித் திரும்புவதில்லை. சந்தையிலும் இரண்டும் உண்டு. பார்க்கிறபோது இரண்டும் சிவப்பு எண்ணாகத்தான் தெரியும்.

திரும்பாத பங்குக்கு இந்தக் கரையில் இருப்பதைவிடப் பெரிய உதாரணம் எங்கும் இல்லை. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே இரண்டு லட்சத்துக்கு 8,000 பங்கு வாங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இலவசம் என்றது, குடையும் சேர்த்துக் கொடுத்தது. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தப் பங்கை வாங்கியவர்கள் லாபத்துக்கு வாங்கவில்லை, நாட்டுக்காக வாங்கினார்கள். அவர்கள் கொடுத்தது வீண் என்று எவரும் சொல்ல முடியாது. தொழில்காரனாக நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். நல்ல நோக்கமும் நேர்மையான தலைவரும் இருந்தும் ஒரு தனிக் கம்பெனி இல்லாமல் போகலாம். இறங்கினால் பொறு என்பது ஐம்பது கம்பெனி உள்ள குறியீட்டுக்குப் பொருந்தும். அதில் செத்த கம்பெனியை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். ஒரே கம்பெனிப் பங்கை வைத்துக்கொண்டு பொறுத்திருப்பது அப்படியல்ல.

வீரபாண்டியன்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் இதற்கு மறுப்பாக வேறொன்றைச் சொன்னார். அவருடைய அப்பா 1961 முத்துக்குளிப்புக்குத் தோணியில் போனவர். அதற்கு முன்னும் முத்துச்சிப்பிப் பார் பல ஆண்டு வெறுமையாகக் கிடந்து மறுபடி சிப்பி பிடித்திருக்கிறது. அதனால் இந்த முறையும் சிப்பி வரும், முத்துக்குளிப்பு அறிவிப்பார்கள் என்று அப்பா சாகும்வரை எதிர்பார்த்தாராம். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. "ஒரு பார் மட்டுமில்ல தம்பி, மொத்தக் கடலும் வத்திப் போவும்" என்றார். அவர் சொன்னதை என்னால் தள்ள முடியவில்லை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டு. நம் சென்செக்ஸும் 1992 ஏப்ரலில் 4,467-ஐத் தொட்டது, பதினோரு ஆண்டு கழித்து 2003 ஏப்ரலில் 3,000 பக்கத்தில்தான் நின்றது. 1992-ல் பணம் போட்டு 2003-ல் ஓய்வு பெற்றவருக்கு நீண்ட காலம் என்று நாம் சொல்லும் சொல் என்ன செய்திருக்கும்? அதனால் ஒருவருடைய மொத்தச் சேமிப்பையும் பங்கில் வைக்க நான் சம்மதிப்பதில்லை. தபால் ஆபீஸ் பத்திரமும் கொஞ்சம் தங்கமும் பேங்க் வைப்பும் இருக்கட்டும் என்கிறேன். சிறுசேமிப்பில் தொடங்கிய பழக்கமாக இருக்கலாம். ஆனாலும் அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

இப்போது அலுவலகத்துக்கு வருகிற இளைஞர்கள் பலருக்கு என் நோட்டு தேவையில்லை, போனில் எல்லாம் இருக்கிறது. 2024 செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 வரை போய், அடுத்த மார்ச்சில் 22,000-க்குக் கீழே வந்தது. அந்த ஆறு மாதமும் ஒரு நாளைக்கு இருபது தடவை போனைத் திறந்து பார்த்த பையன்களை எனக்குத் தெரியும். எஸ்ஐபியை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பணம் இல்லாமல் நிறுத்தவில்லை, பார்த்துப் பார்த்தே நிறுத்தினார்கள். அதைக்கூடத் திருத்திவிடலாம். என்னை உறுத்துவது ஆப்ஷன் வர்த்தகம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்குத் 93 பேர் நஷ்டப்பட்டதாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்றும் செபியே கணக்குச் சொன்னது. ஆறுமுகநேரியிலிருந்து ஒரு பையன் வந்தான். அம்மாவின் சங்கிலியை நகைக்கடனில் வைத்து ஆப்ஷனில் போட்டிருந்தான். இரண்டே வாரம். "அண்ணாச்சி, நெஃப்டி திரும்பிட்டு, என் துட்டு மட்டும் ஏன் திரும்பல?" என்று கேட்டான். ஆப்ஷனுக்குக் காலாவதித் தேதி உண்டு, அந்தத் தேதி தாண்டினால் சந்தை எங்கே போனாலும் உனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் காட்டினேன். கடன் வாங்கிய பணத்துக்கும் ஒரு தேதி உண்டு. இரண்டு தேதியையும் வேறு யாரோ குறிக்கிறார்கள். அந்தப் பையன் இப்போது சாகுபுரத்தில் வேலைக்குப் போகிறான். சங்கிலியை மீட்டுவிட்டான். மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்டி கட்டுகிறான், பங்கு பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

2023 டிசம்பர் 17. அன்று காலை தொடங்கிய மழை மறுநாள் வரை விடவில்லை. பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ராத்திரி இங்கிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை, ஏடிஎம் இல்லை. அந்த நாட்களில் சென்செக்ஸ் 71,000-க்கு மேல், வரலாறு காணாத உச்சத்தில் இருந்தது. என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் காகிதத்தில் எப்போதையும்விட வசதியானவர்கள். ஒரு பால் பாக்கெட் வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள் அவர்களில் எத்தனை பேர்!

அவசரப் பணத்தை லிக்விட் ஃபண்டில் வைக்கலாம், ஒரே நாளில் கிடைத்துவிடும் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். டவர் இல்லாத ஊரில் அந்த ஒரு நாள் எப்படி வரும்? வீரபாண்டியன்பட்டினத்து அக்கா மட்டும் அரிசிப் பானைக்குள் பிளாஸ்டிக் கவரில் பதினைந்தாயிரம் வைத்திருந்தார். தெருவில் நான்கு வீட்டுக்கு அதிலிருந்து கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு நான் அவசரப் பணத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஒரு பகுதி பேங்கில், ஒரு மாதச் செலவு வீட்டில், மச்சில், நனையாத இடத்தில்.

என் அலுவலகத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்து வடிந்திருந்தது. நான்காம் நாள் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தபோது மேசை கவிழ்ந்து கிடந்தது, கம்ப்யூட்டர் சேற்றில். நோட்டு பீரோவின் அடித்தட்டில் ஊறிக் கிடந்தது. வீட்டு மொட்டை மாடியில் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையில் பழைய செய்தித்தாள் வைத்து, மேலே செங்கல் ஏற்றிக் காயவைத்தேன். வெயில் வர இரண்டு நாள் ஆயிற்று. பேனாவில் எழுதிய நான்கு கட்டமும் கரைந்து ஒரே நீலமாக ஓடியிருந்தது. பேர் ஒன்றிரண்டு தெரிந்தது, தொகை ஒன்றும் தெரியவில்லை. அதனால் நஷ்டம் இல்லை. தொகையும் ஃபோலியோவும் ஃபண்டின் பதிவாளர் கம்ப்யூட்டரில் இருக்கும், கேட்டால் ஸ்டேட்மெண்ட் அனுப்புவார்கள்.

பென்சிலில் எழுதிய ஐந்தாவது கட்டம் அப்படியே இருந்தது. 2027. 2035. தை 2024. ஜூன் 2024. ஒரு பக்கத்தில் மூன்று முறை அழித்து எழுதிய தடம்கூடத் தெரிந்தது. யாருடைய பக்கம் என்பதை அந்த வருஷங்களை வைத்தே என்னால் சொல்ல முடிந்தது. தை 2024 என்று போட்டிருந்த பக்கம் ஆத்தூர்க்காரர் ஒருவருடையது, தங்கைக்குக் கல்யாணம். அந்தப் பணத்தை ஒரு வருஷத்துக்கு முன்பே எஃப்டிக்கு மாற்றி வைத்திருந்தோம். அவர் வீடும் ஆற்றோரம்.

மனைவியின் போனில் அன்று மத்தியானம்தான் டவர் வந்தது. செங்கல்லை நகர்த்தி, அந்தப் பக்கத்தைக் கிழியாமல் புரட்டி மடியில் வைத்துக்கொண்டு, முதலில் ஆத்தூருக்குப் போன் போட்டேன்.